ஆனி கிளெம்மர் ஃபங்க்

ஆனி கிளெம்மர் ஃபங்க் (ஏப்ரல் 12, 1874 – ஏப்ரல் 15, 1912) ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆசிரியையும் மெனோனைட் சமயப் பணியாளரும் ஆவார். பென்சில்வேனியாவில் முதன்முதலாகக் குடியேறிய மெனோனைட் உழவர் சமூகத்தின் வழிவந்த இவர், 1906-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்திலுள்ள ஜாஞ்ச்கிர் என்னும் ஊரில் 17 மாணவிகளுடன் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தாயார் நோயுற்ற செய்தி கேட்டு 1912-இல் ஊர் திரும்பும் வழியில், டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிரிழந்தார். உயிர்காப்புப் படகில் தமக்குக் கிடைத்த இடத்தை ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்தார் என்று இவரது திருச்சபையினரிடையே வழங்கிவரும் செய்தியால் இவர் பரவலாக அறியப்படுகிறார்.

மெனோனைட்டுகள்

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட சமயச் சீர்திருத்தத்தின்போது, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அளிக்கும் வழக்கத்தை ஒரு பிரிவினர் ஏற்க மறுத்தனர். நம்பிக்கையை அறிந்து ஏற்கும் வயது வந்தவர்களுக்கே திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டும் என்பது அவர்களது கொள்கை. 1525-ஆம் ஆண்டு சனவரி மாதம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இவ்வியக்கம் தோன்றியது. நெதர்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த மெனோ சைமன்ஸ் (1496–1561) 1536-இல் தமது பதவியைத் துறந்து இவ்வியக்கத்தில் சேர்ந்தார். சிதறிக் கிடந்த குழுக்களை ஒருங்கிணைத்த அவரது பெயராலேயே இவர்கள் மெனோனைட்டுகள் எனப்பட்டனர்.

போரில் ஈடுபடாமை, ஆயுதம் ஏந்தாமை, நீதிமன்றங்களில் சத்தியம் செய்யாமை, எளிய வாழ்வு ஆகியவை இவர்களது முதன்மையான நெறிகள். இந்நெறிகள் அன்றைய அரசுகளுக்கும் திருச்சபைகளுக்கும் ஒருசேர எதிராக இருந்தமையால் இவர்கள் கடுமையான துன்புறுத்தலுக்கு உள்ளாயினர். இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ட்ஸ் 1527-இல் சூரிக் நகரின் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். நகரங்களில் வாழ இடமின்றி மலைப்பகுதிகளிலும் ஒதுக்குப்புறமான நிலங்களிலும் தங்கிய இவர்கள், காலப்போக்கில் உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட சமூகமாக மாறினர்.

பென்சில்வேனியாவில் குடியேற்றம்

1681-இல் வில்லியம் பென் என்பவருக்கு இங்கிலாந்து மன்னர் அமெரிக்காவில் நிலவுரிமை அளித்தார். குவேக்கர் பிரிவைச் சேர்ந்த பென், தமது குடியேற்றத்தில் சமய உரிமை வழங்குவதாக அறிவித்தார். 1683-ஆம் ஆண்டு அக்டோபரில், செருமனியின் கிரேஃபெல்ட் நகரிலிருந்து 13 குடும்பங்கள் வந்து பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுன் என்னும் ஊரை அமைத்தன. இவர்களுள் பலர் மெனோனைட் பின்னணி கொண்டவர்கள். 1688-இல் இவ்வூரைச் சேர்ந்த நால்வர் அடிமை முறையை எதிர்த்து எழுத்து வடிவில் கண்டனம் தெரிவித்தனர். அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு எதிராக எழுந்த மிகப் பழைய ஆவணங்களுள் இதுவும் ஒன்று.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்தும் தென்செருமனியிலிருந்தும் மெனோனைட் உழவர் குடும்பங்கள் பெருமளவில் பென்சில்வேனியாவுக்கு வந்தன. இவர்கள் காடு திருத்திக் கழனியாக்கினர். கோதுமை, மக்காச்சோளம், ஆளி ஆகியவற்றைப் பயிரிட்டுக் கறவை மாடுகளை வளர்த்தனர். பண்ணையின் உழைப்பில் பெண்களின் பங்கு ஆண்களுக்குக் குறைந்ததன்று. பால் கறத்தல், வெண்ணெய் கடைதல், காய்கறித் தோட்டத்தைப் பேணுதல், கோழி வளர்த்தல், ஆளி நாரை நூற்றுத் துணியாக்குதல், குளிர்காலத்துக்கு வேண்டிய உணவைப் பதப்படுத்தி வைத்தல் ஆகிய அனைத்தும் பெண்களின் பொறுப்பில் இருந்தன.

ஃபங்க், கிளெம்மர் ஆகிய இரண்டும் இப்பகுதியின் பழமையான மெனோனைட் குடும்பப் பெயர்கள். ஹைன்ரிக் ஃபங்க் என்னும் ஆயர் அக்காலப் பென்சில்வேனிய மெனோனைட்டுகளிடையே புகழ்பெற்றிருந்தார். இரத்தசாட்சிகளாக மாண்ட முன்னோரின் வரலாறுகளைத் தொகுத்து டச்சு மொழியில் 1660-இல் வெளிவந்த பெருநூல், பென்சில்வேனியாவின் எஃப்ராட்டா என்னும் ஊரில் 1748–49-இல் செருமன் மொழியில் அச்சிடப்பட்டது. இம்மொழிபெயர்ப்பை மேற்பார்வையிட்ட இருவருள் ஹைன்ரிக் ஃபங்க் ஒருவர். விவிலியத்துக்கு அடுத்தபடியாக மெனோனைட் உழவர்களின் வீடுகளில் போற்றப்பட்ட நூல் அது.

பிறப்பும் இளமையும்

ஆனி ஃபங்க் 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்திலுள்ள பேலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பி. ஃபங்க், தாய் சுசன்னா கிளெம்மர். பேலியும் அதன் சுற்றுப்புறமும் பால் வளம் மிக்க பகுதியாதலால் வெண்ணெய்ப் பள்ளத்தாக்கு என அழைக்கப்படுகின்றன. பிலடெல்பியாவுக்கு வடமேற்கே அமைந்த இந்த வேளாண் பகுதியில், மக்கள் வீட்டில் பென்சில்வேனியச் செருமன் வட்டார வழக்கையும் பள்ளியில் ஆங்கிலத்தையும் பேசினர்.

ஆனியின் தந்தை பேலியிலுள்ள ஹெர்ஃபோர்டு மெனோனைட் திருச்சபையில் நீண்ட காலம் உதவிக்குருவாகப் பணியாற்றினார். அத்திருச்சபையின் வரலாறு ஆனியின் பிற்கால வாழ்வோடு தொடர்புடையது. 1847-இல் பென்சில்வேனிய மெனோனைட்டுகளிடையே ஒரு பிளவு ஏற்பட்டது. ஜான் ஓபர்ஹோல்ட்சர் என்னும் இளம் குரு, குருமார்களுக்கென வகுக்கப்பட்டிருந்த பழைய பாணி மேலங்கியை அணிய மறுத்தார். திருச்சபைக் கூட்டங்களின் நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்றும் கோரினார். பெரியோர் இதனை ஏற்கவில்லை. ஓபர்ஹோல்ட்சருடன் வெளியேறியவர்கள் கல்வி, இதழியல், பிற நாடுகளில் சமயப் பணி ஆகியவற்றை வரவேற்றனர். 1860-இல் அயோவா மாநிலத்தில் தொடங்கப்பட்ட மெனோனைட் பொதுப் பேரவையில் இவர்கள் இணைந்தனர். ஆனியின் குடும்பம் இப்பேரவையைச் சார்ந்தது. பழமையான பிரிவிலேயே இருந்திருந்தால், உயர்கல்வி பெறவும் தனியே கடல் கடந்து செல்லவும் ஓர் உழவர் சமூகப் பெண்ணுக்கு அக்காலத்தில் வாய்ப்புக் கிடைத்திருப்பது அரிது.

அக்கால மெனோனைட் திருச்சபைகளில் பெண்கள் குருவாகவோ ஆயராகவோ ஆக இயலாது. திருமணமும் பண்ணை வாழ்வுமே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வழியாக இருந்தன. வெளிநாட்டுச் சமயப் பணியும் அதைச் சார்ந்த ஆசிரியப் பணியுமே திருமணமாகாத பெண்களுக்குத் திறந்திருந்த பொதுவாழ்வு எனலாம். ஆனி இவ்வழியைத் தேர்ந்தெடுத்தார்.

கல்வி

ஆனி முதலில் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் நகரிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டில், புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் டுவைட் மூடி நிறுவிய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மூடி அதே ஊரில் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி, தமிழ்நாட்டோடு தொடர்புடையது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் அப்பள்ளியில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் பணி

கல்வி முடித்த ஆனி, டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரில் கறுப்பின மக்களிடையே பணியாற்றினார். அடிமை முறை 1865-இல் ஒழிக்கப்பட்டிருந்தபோதும், தென்மாநிலங்களில் பள்ளி, தொடர்வண்டி, உணவகம் என அனைத்திலும் நிறப் பாகுபாடு சட்டமாகவே நடைமுறையில் இருந்த காலம் அது.

அடுத்து நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில், இளம்பெண்கள் கிறித்தவ சங்கத்தில் பணியாற்றினார். பேட்டர்சன் அமெரிக்காவின் பட்டு நகரம் எனப் பெயர் பெற்றது. அங்குள்ள பட்டு ஆலைகளில் பெருந்தொகையான இளம்பெண்கள் வேலை செய்தனர். கிராமத்துப் பண்ணைச் சூழலில் வளர்ந்த ஆனிக்கு, தொழில் நகரத்தில் தனித்து வாழும் பெண்களின் நிலையை அறிய இப்பணி வாய்ப்பளித்தது.

சத்தீஸ்கரில் மெனோனைட்டுகள்

1896–97, 1899–1900 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் பல பகுதிகளில் கடும் பஞ்சம் நிலவியது. மத்திய மாகாணங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. இச்செய்தி அமெரிக்க மெனோனைட் உழவர்களை எட்டியது. 1897-இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தானிய உதவியில் மெனோனைட்டுகளும் பங்கேற்றனர். பஞ்ச நிவாரணத்தில் தொடங்கிய இத்தொடர்பே பின்னர் நிலையான சமயப் பணியாக வளர்ந்தது. ஒரு பிரிவினர் 1899-இல் தம்தரியில் பணியைத் தொடங்கினர். ஆனி சார்ந்திருந்த பொதுப் பேரவையின் முதற் பணியாளர்களான பென்னர், குரோக்கர் தம்பதியர் 1900-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தனர். பென்னர் தம்பதியர் சாம்பாவிலும் குரோக்கர் தம்பதியர் ஜாஞ்ச்கிரிலும் தங்கினர். சாம்பாவில் பென்னர் தொடங்கிய தொழுநோயாளர் இல்லம் பின்னாளில் பெரிய மருத்துவ நிறுவனமாக வளர்ந்தது.

ஜாஞ்ச்கிர் அன்று பிலாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். இரத்தன்பூர் கலச்சூரி மன்னர் ஜாஜல்லதேவரின் பெயரால் அமைந்த இவ்வூரில், கட்டி முடிக்கப்படாத பழைய விஷ்ணு கோயில் ஒன்று உள்ளது. அருகிலுள்ள சாம்பா, கோசா எனப்படும் டசர் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. சத்தீஸ்கர் சமவெளி, காவிரிப் படுகையைப் போலவே நெல் விளையும் பூமி. ஆயினும் அன்று பெரும்பாலும் மழையை மட்டுமே நம்பியிருந்ததால், பருவமழை பொய்க்கும்போதெல்லாம் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1998-இல் ஜாஞ்ச்கிர்–சாம்பா தனி மாவட்டமாக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று சத்தீஸ்கர் தனி மாநிலமாயிற்று.

தமிழகத்தில் சமயப் பணியாளர்கள் நடத்திய பள்ளிகளுக்கு அப்போதே இருநூறு ஆண்டு வரலாறு இருந்தது. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அடுத்த ஆண்டே அங்குப் பெண்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுவார்ட்ஸ் பள்ளி நடத்தினார். சத்தீஸ்கரிலோ, செருமானியரான ஆஸ்கர் லோர் 1868-இல் விசிராம்பூரில் தொடங்கிய பணியே இவ்வகையில் முதலாவது. எனவே ஆனி வந்தபோது அங்குப் பெண்கல்விக்கு முன்மாதிரிகள் மிகக் குறைவு. 1901-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை.

ஜாஞ்ச்கிர் பெண்கள் பள்ளி

ஆனி 1906-ஆம் ஆண்டின் இறுதியில், தமது 32-ஆம் வயதில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். மெனோனைட் பொதுப் பேரவை இந்தியாவுக்கு அனுப்பிய திருமணமாகாத முதல் பெண் பணியாளர் இவரே. இவருக்கு முன் வந்த பெண்கள் அனைவரும் பணியாளர்களின் துணைவியராக வந்தவர்கள். நெடிய கடற்பயணத்தை எண்ணி நண்பர்கள் கவலைப்பட்டபோது, நிலத்தில் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ கடலிலும் அவ்வளவு அருகிலேயே இறைவன் இருக்கிறார் என அவர்களுக்கு ஆனி ஆறுதல் கூறியதாக அவரது திருச்சபையினர் நினைவுகூர்வர்.

ஜாஞ்ச்கிரை அடைந்த ஆனி முதலில் இந்தி மொழியைக் கற்றார். வீடுகளில் பேசப்பட்ட மொழி சத்தீஸ்கரி. பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்கியது இந்தி. இது ஆனிக்குப் புதிய அனுபவமன்று. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் குழந்தைகளின் நிலை, பென்சில்வேனியச் செருமன் பேசும் ஊரில் வளர்ந்தவருக்குப் பழக்கமானதே.

இந்தியா வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஓரறைப் பள்ளி ஒன்றைப் பெண்களுக்காக ஆனி தொடங்கினார். அதில் 17 மாணவிகள் சேர்ந்தனர். இவ்வெண்ணிக்கை இன்று சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வயலில் நாற்று நடவும், வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும், இளவயதிலேயே திருமணம் செய்து கொடுக்கப்படவும் இருந்த சிறுமிகளைப் பள்ளிக்கு அனுப்புவது அன்றைய குடும்பங்களுக்கு எளிய முடிவன்று. ஒரு சிறுமி பள்ளியில் செலவிடும் ஒவ்வொரு நாளும் குடும்பத்துக்கு ஒரு நாள் உழைப்பு இழப்பாகும். பெண்ணின் கையுழைப்பு ஒரு பண்ணைக்கு எவ்வளவு தேவை என்பதை உழவர் சமூகத்தில் பிறந்த ஆனி அறிந்திருந்தார்.

சமயப் பணியாளர்களின் பள்ளிகள் கல்வியோடு கிறித்தவ சமயத்தையும் பரப்பும் நோக்கம் கொண்டவை. ஆனியின் பள்ளியும் அதற்கு விலக்கன்று. அதே வேளை, பெண்களுக்கென வேறு பள்ளிகள் அரிதாக இருந்த ஒரு வட்டாரத்தில், எழுத்தறிவு பெறும் வாய்ப்பு அப்பள்ளியால் கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆனி ஜாஞ்ச்கிரில் பணியாற்றினார்.

தாயகம் நோக்கிய பயணம்

1912-ஆம் ஆண்டின் முற்பகுதியில், தாயார் கடுமையாக நோயுற்றிருப்பதால் உடனே ஊர் திரும்புமாறு ஆனிக்குத் தந்தி வந்தது. ஆனி ஜாஞ்ச்கிரிலிருந்து தொடர்வண்டியில் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்து பெர்சியா என்னும் நீராவிக் கப்பலில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பின்னர்த் தரைவழியாக இங்கிலாந்தை அடைந்தார்.

அங்கிருந்து ஹேவர்ஃபோர்டு என்னும் கப்பலில் அமெரிக்கா செல்வதே அவரது திட்டம். இக்கப்பல் லிவர்பூல் நகரிலிருந்து பிலடெல்பியாவுக்குச் செல்வது. பேலிக்கு மிக அருகிலுள்ள பெருந்துறைமுகம் பிலடெல்பியாவே. ஆனால் அவ்வாண்டு மார்ச் மாதம் முழுவதும் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், குறைந்தபட்ச ஊதியம் கோரி வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் தொழிலாளர்கள் பங்கேற்ற இப்போராட்டம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவுற்றபோதிலும், கப்பல்களுக்குப் போதிய நிலக்கரி கிடைக்கவில்லை. பல கப்பல்களின் பயணம் தள்ளிப்போயிற்று. ஹேவர்ஃபோர்டும் அவற்றுள் ஒன்று.

ஹேவர்ஃபோர்டை இயக்கிய நிறுவனமும் டைட்டானிக்கை இயக்கிய வெள்ளை நட்சத்திர நிறுவனமும் ஜே. பி. மார்கனின் பன்னாட்டு வணிகக் கப்பல் குழுமத்தைச் சேர்ந்தவை. குழுமத்தின் பிற கப்பல்களுக்குரிய நிலக்கரியைக் கொண்டே டைட்டானிக்கின் முதற் பயணம் குறித்த நாளில் நடைபெற்றது. பிற கப்பல்களில் இடம் பதிந்திருந்த பயணிகள் பலரும் அதற்கு மாற்றப்பட்டனர். தாயைக் காண விரைந்த ஆனி, மேலும் பணம் செலுத்தி டைட்டானிக்கில் இரண்டாம் வகுப்பில் இடம் பெற்றார். அவரது பயணச்சீட்டின் எண் 237671. கட்டணம் 13 பவுண்டு.

டைட்டானிக் கப்பலில்

டைட்டானிக் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பிரான்சின் செர்பூர், அயர்லாந்தின் குவின்ஸ்டவுன் ஆகிய துறைமுகங்களில் நின்றபின் ஏப்ரல் 11 அன்று அத்திலாந்திக் பெருங்கடலில் நுழைந்தது. ஏப்ரல் 12 அன்று ஆனிக்கு 38 வயது நிறைவுற்றது. கப்பல் ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கை அடைய வேண்டியிருந்தது.

இந்தியாவிலிருந்து திரும்பிய மற்றொரு சமயப் பணியாளர் குடும்பமும் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பணியாற்றிய லூத்தரன் சபைப் பணியாளரின் மனைவி நெல்லி பெக்கர், நோயுற்றிருந்த தமது ஆண்குழந்தையுடனும் இரு பெண்குழந்தைகளுடனும் அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்தார். மூத்த மகள் ரூத் பெக்கர் குண்டூரில் பிறந்தவர். அப்போது அவருக்கு 12 வயது. நெருக்கடியில் அவர் வேறொரு படகில் ஏற நேர்ந்தபோதிலும், இக்குடும்பத்தினர் நால்வரும் உயிர் தப்பினர்.

ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறை ஒன்றின் மீது மோதியது. கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகள் 20 மட்டுமே. அவற்றில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. பல படகுகள் முழுமையாக நிரம்பாமலேயே கடலில் இறக்கப்பட்டன. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்ற வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்குக் கப்பல் முழுவதும் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் ஆனியும் ஒருவர். அவரது உடல் அடையாளம் காணப்படவில்லை.

இறுதி நேரம் பற்றிய செய்தி

ஆனி உயிர்காப்புப் படகில் ஏறவிருந்த வேளையில், தன் குழந்தைகள் ஏறிவிட்ட படகில் தனக்கு இடமில்லாமல் ஒரு தாய் கதறினார் என்றும், அவருக்குத் தம் இடத்தைக் கொடுத்துவிட்டு ஆனி கப்பலிலேயே தங்கிவிட்டார் என்றும் கூறப்படுகிறது. இச்செய்தி அவரது குடும்பத்தாராலும் திருச்சபையினராலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவருகிறது. அந்தத் தாயின் பெயரோ, படகின் எண்ணோ இச்செய்தியோடு சேர்ந்து வழங்கவில்லை. எனவே இதனை நிறுவப்பட்ட வரலாற்று நிகழ்வாக அன்றி, மரபுவழிச் செய்தியாகவே கொள்ள வேண்டும்.

பிரித்தானிய விசாரணை ஆணையத்தின் கணக்கு இச்செய்தியை மதிப்பிட ஓரளவு உதவுகிறது. இரண்டாம் வகுப்பில் பயணம் செய்த 93 பெண்களுள் 80 பேர் காப்பாற்றப்பட்டனர்; இறந்தவர்கள் 13 பேர். அவ்வகுப்பின் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தனர். ஆண்கள் 168 பேரில் 14 பேர் மட்டுமே தப்பினர். அதாவது இரண்டாம் வகுப்பில் பயணித்த ஒரு பெண்ணுக்குப் படகில் இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாகவே இருந்தது. இறந்த பெண்களுள் சிலர் கணவரைப் பிரிய மனமின்றிக் கப்பலில் தங்கியவர்கள். ஆங்கிலத் திருச்சபைக் குரு எர்னெஸ்ட் கார்ட்டருடன் உயிரிழந்த அவரது மனைவி லிலியன் இதற்கு எடுத்துக்காட்டு. தனியே பயணம் செய்த ஆனிக்கு அத்தகைய காரணம் ஏதும் இல்லை. இக்கணக்கு அச்செய்தியை மெய்ப்பிக்கவில்லை. எனினும் அது நிகழக்கூடாத ஒன்றன்று என்பதைக் காட்டுகிறது.

மெனோனைட் சமூகத்தில் இச்செய்தி ஆழமாக வேரூன்றியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட இரத்தசாட்சிகளின் வரலாற்று நூலில், டர்க் வில்லெம்ஸ் என்பவரின் வரலாறு இடம்பெற்றுள்ளது. நெதர்லாந்தின் அஸ்பெரன் நகரில் சிறையிலிருந்து தப்பிய அவர், உறைந்த நீர்நிலையைக் கடந்து ஓடினார். துரத்திவந்த காவலன் பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்ந்தபோது, வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். அதனால் மீண்டும் பிடிபட்டு 1569-இல் எரித்துக் கொல்லப்பட்டார். தப்பிக்கும் வாய்ப்பு இருந்தும் பிறர் உயிருக்காக அதனைக் கைவிட்ட ஒருவரின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, ஆனியின் இறுதிச் செயலாகச் சொல்லப்பட்டது புதிராகத் தோன்றவில்லை. தம் முன்னோர் காட்டிய நெறியின் தொடர்ச்சியாகவே அதனைக் கண்டனர்.

நினைவு

பேலியிலுள்ள ஹெர்ஃபோர்டு மெனோனைட் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் ஆனிக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டுள்ளது. ஜாஞ்ச்கிரில் அவர் தொடங்கிய பள்ளி அவரது மறைவோடு நின்றுவிடவில்லை. சக பணியாளர்கள் அதனைத் தொடர்ந்து நடத்தினர். பின்னர் அது ஆனி சி. ஃபங்க் நினைவுப் பள்ளி எனப் பெயர் பெற்றது. ஓர் அறையில் தொடங்கிய அப்பள்ளியில் அடுத்தடுத்த தலைமுறைகளைச் சேர்ந்த சிறுமிகள் பயின்றனர்.

டைட்டானிக் குறித்த நூல்களிலும் கண்காட்சிகளிலும் ஆனி ஃபங்க் பெரும்பாலும் படகில் இடத்தை விட்டுக்கொடுத்த பெண்ணாகவே குறிப்பிடப்படுகிறார். அவ்விரவின் இரண்டரை மணி நேரமே அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஆயினும் அந்நேரத்தில் நிகழ்ந்தது மரபுச் செய்தியாகவே எஞ்சியிருக்க, ஐயத்துக்கு இடமின்றி நிலைத்திருப்பவை அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளே. பெண்கள் பள்ளிக்குச் செல்வது அரிதாயிருந்த ஒரு நெல்விளை பூமியில், தாம் அறியாத மொழியைக் கற்று, 17 சிறுமிகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை என்பதே ஆனி ஃபங்கின் உறுதியான வரலாறாகும்.